தட்டும் பூட்டும் பாட்டும்

கலைகள் அனைத்தினும் நிலையாமை மிக்கது இசை. ஓவியம் சுவரில் நிற்கும். சிற்பம் கல்லில் நிற்கும். கவிதை ஏட்டில் நிற்கும். பாட்டோ பாடுபவனின் நாவை விட்டகன்ற கணத்திலேயே காற்றோடு கலந்துவிடும். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதகுலம் இந்த இழப்பை இயற்கையின் விதியென ஏற்றுக்கொண்டே வாழ்ந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அவ்விதி தளர்ந்தது. ஒலியைப் பிடித்து வைக்க மனிதன் கற்றான். ஆயின், பிடித்து வைக்கக் கற்ற அன்றே, பிடித்ததற்குத் தனியுரிமை கொண்டாடவும் கற்றான். இவ்விரண்டாவது கல்வியின் வரலாற்றையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

இன்று எம்மிடையே இசையார்வம் மிக்கோர் சிலர், தம்மிடமுள்ள இறுவட்டுக்களைக் கணினியில் இட்டு, அவற்றிலுள்ள இசையைக் கோப்புக்களாக மாற்றி, வீட்டிலிருந்து கேட்டு மகிழ்கின்றனர். சாதாரண இறுவட்டினும் பன்மடங்கு நுணுக்கமாக ஒலியைப் பதிந்த உயர்நுணுக்கத் தட்டுக்களையும் இவ்வாறு மாற்றுவோர் உலகெங்கும் உளர். வசதி படைத்தோரின் விளையாட்டு இது எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால், ஒரு தட்டில் உள்ள பாட்டை இன்னொரு பொருளுக்கு மாற்றுகின்ற இச்சிறு செயலுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சமூக வரலாறு கிடக்கிறது. பதிந்தவர் யார், பதியப்பட்டவர் யார், பதியப்படாமலே போனவர் யார், பதிந்ததைக் கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாக்களை எழுப்பாமல் அச்செயலை விளங்கிக்கொள்ள முடியாது.

1877ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோமஸ் எடிசன் ஒலியைப் பதிந்து மீட்டும் பொறியை அமைத்தார். அவர் கையாண்டது உருளை வடிவம். பத்தாண்டுகளின் பின், 1887இல், எமில் பேர்லினர் என்பார் தட்டை வடிவத்தைக் கொண்டுவந்தார். பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இம்மாற்றம் பொருளாதார அடிப்படையில் மிகப் பெரியது. ஒரு தாய்த்தட்டிலிருந்து ஆயிரக்கணக்கான பிரதிகளை அச்சிட்டுவிட முடிந்தது. அச்சியந்திரம் நூலுக்குச் செய்ததைத் தட்டு பாட்டுக்குச் செய்தது. பாட்டு முதன்முறையாக எடைபோட்டு ஏற்றுமதி செய்யக்கூடிய சந்தைப் பண்டமாயிற்று.

அப்பண்டத்தின் சந்தையைத் தேடி 1902ஆம் ஆண்டு பிரெட் கெய்ஸ்பேர்க் என்னும் ஒலிப்பதிவாளர் இலண்டனிலுள்ள கிராமபோன் கம்பனியின் சார்பிற் கல்கத்தா வந்து சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பரில் அவர் பதிந்தவருள் முதன்மையானவர் கௌஹர் ஜான் என்னும் பாடகி. பதிந்த தாய்த்தட்டுக்கள் கப்பலேறி ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்றன. அங்கு அச்சிடப்பட்டு மீண்டும் கப்பலேறி இந்தியச் சந்தைக்கு வந்தன. 1908இலேதான் கல்கத்தாவில் தொழிற்சாலை அமைந்தது. இத்தட்டுக்களின் இன்றியமையாத மூலப்பொருள் எது? அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளை மொய்க்கும் சிறு பூச்சியின் சுரப்பைப் பழங்குடி மக்கள் சேகரித்துக் கொடுத்தனர். இந்தியக் காட்டின் அரக்கு, இந்தியப் பாடகியின் குரல், ஐரோப்பியத் தொழிற்சாலை, மீண்டும் இந்தியன் கொடுக்கும் காசு: குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் முழு இலக்கணத்தையும் பத்து அங்குலத் தட்டொன்றிற் காட்டிவிடலாம்.

அத்தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழன்றது. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கிற்று. விடிய விடிய ஒரு இராகத்தை விரித்த மரபுக்கு மூன்று நிமிட எல்லை விதிக்கப்பட்டது. எதைப் பாடுவது, எவ்வளவு பாடுவது, யார் பாடுவது என்பவற்றைக் கம்பனியும் அதன் முகவரும் தீர்மானித்தனர். விற்கக்கூடிய குரல் பதியப்பட்டது. விற்காதெனக் கருதப்பட்ட குரல் காற்றோடு போயிற்று.

எனினும், இதன் மறுபக்கத்தையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பா 1906இற் பிறந்து 1933இல், இருபத்தெட்டு வயது நிரம்புமுன்னரே, மறைந்துவிட்டார். பேசும்படத்தில் அவர் தோன்றியதில்லை. கொழும்பு மேடையில் அவரும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்த காலத்தைக் கண்டவர் எவரும் இன்றில்லை. ஆயினும் அவரது குரல் இன்றும் எமக்குக் கேட்கிறது. காரணம், அரக்குத் தட்டு. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் தோடியை அவர் மறைந்த 1956இன் பின் பிறந்தவர்களும் கேட்டுத் தலையசைக்கின்றார்களென்றால், அதற்கும் தட்டே காரணம். 1932இல் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் சென்னையில் நிறுவிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்ற நிலையங்கள் இலாபம் கருதியே இயங்கின. ஆனால் இலாபம் கருதிச் செய்யப்பட்ட காரியத்திலிருந்தும் மக்களுக்குரிய செல்வம் பிறக்கக்கூடும் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிராமபோன் பெட்டி முதலிற் சில செல்வர் வீட்டு முன்விறாந்தைகளை அலங்கரித்தது. சாதாரண மக்களின் செவிக்கு இசைத்தட்டைக் கொண்டுசேர்த்தவை திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கட்டப்பட்ட ஒலிபெருக்கியும், பின்னர் வானொலியுமே. 1925 டிசெம்பரிற் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. 1949இல் அது இலங்கை வானொலியாயிற்று. 1952இல் இந்தியத் தகவற்றுறை அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாடல்களை விலக்க முற்பட்டபோது, அப்பாடல்களைத் தேடிய தென்னிந்திய இரசிகர் இலங்கை வானொலியின் பக்கம் செவி திருப்பினர். ஒரு நாட்டு ஆட்சியாளர் 'தரமற்றது' என ஒதுக்கியதை இன்னொரு நாட்டு நிலையம் இசைத்தட்டு வழியே அந்நாட்டு மக்களுக்கே திருப்பிக் கொடுத்தது.

எமது கரவெட்டி மண்ணிற் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி (1932–2011), தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் முதன்முதலாக அமர்ந்த அரங்கு சினிமாக் கொட்டகையே என எடுத்துக்காட்டியிருக்கிறார். இக்கருத்தை நாம் தட்டிற்கும் விரித்துப் பார்க்கலாம். மதிற்சுவர் மனிதனை மறிக்கும், ஒலியை மறிக்காது. கோயிலின் உள்ளே நுழைய விடப்படாதவனின் குடிசைக்கும் இராஜரத்தினத்தின் நாயனம் வந்து சேர்ந்தது. ஆனால் ஒலி சமமாகப் பரவியதாற் சமூகம் சமமாகிவிட்டதா? தேநீர்க்கடையின் வானொலி வீதி முழுவதற்கும் பாடியது. அதே கடையின் உள்ளே அமர்ந்து தேநீர் அருந்தும் உரிமை தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டிலேயே உறங்கியது. 1960களின் பிற்பகுதியில் நெல்லியடி, சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் மக்கள் போராடியே அவ்வுரிமையை வென்றெடுத்தனர். கருவி கதவைத் தட்டும். திறப்பது மனிதரின் போராட்டம்.

ஒலியின் உடைமை பற்றிய வினா இதேபோன்று கூர்மையாக எழுந்த இடம் ஒன்று உண்டு. அது பாரதி பாடல்களின் வழக்கு. பாரதி 1921இல் மறைந்தார். அதற்கு முன்னரே சென்னையில் இசைத்தட்டுப் பதிவு நடந்துகொண்டிருந்தபோதிலும், அக்கவிஞனின் குரலை எந்தத் தட்டும் ஏந்தவில்லை. அவன் உயிரோடிருந்த நாளில் அவனுக்குச் சந்தை மதிப்பு இருக்கவில்லை. மறைந்த பின்னரே மதிப்பு வந்தது. 1934இல் அவன் பாடல்களை இசைத்தட்டிற் பதியும் உரிமையைச் சில நூறு ரூபாவுக்கு ஜெசிங்லால் மேத்தா என்னும் வணிகர் வாங்கினார். 1946இல் அதே உரிமையைப் பல ஆயிரம் ரூபா கொடுத்து மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947இல் வெளிவந்த அவரது 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் முழங்கின. 1948இல் டி. கே. சண்முகம் சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்திற் பாரதி பாடலொன்றைச் சேர்த்தபோது செட்டியார் தரப்பிலிருந்து ஆட்சேபம் எழுந்தது. தமிழ் மக்கள் விழித்துக்கொண்டனர். மக்கள் கவிஞனின் பாட்டைப் பாடுவதற்கு ஒரு வணிகரிடம் அனுமதி கேட்பதா?

பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது. வ. ரா. போன்றோர் அதில் முன்னின்றனர். நாரண துரைக்கண்ணன், டி. கே. சண்முகம், திருலோக சீதாராம் ஆகியோர் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாள் பாரதியின் சம்மதத்தைப் பெற்றனர். 1949இற் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றுக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த இசைத்தட்டுரிமையை விலை பெறாமலே விட்டுக்கொடுத்தார் என்பதையும் நன்றியோடு குறிப்பிடல் வேண்டும். பின்னர் அப்பாடல்கள் மக்களின் பொதுவுடைமையாயின. ஒரு கவிஞனின் ஆக்கம் இவ்வாறு அரசால் ஏற்கப்பட்டுப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது உலக வரலாற்றிலேயே அரிய நிகழ்ச்சி. அதற்குத் தூண்டுகோலாக அமைந்தது ஓர் ஒலிப்பதிவு உரிமை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தட்டின் வடிவமோ மாறிக்கொண்டே சென்றது. 1948இல் நீள்தட்டு வந்தது. பக்கமொன்றுக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இசை அடங்கிற்று. மூன்று நிமிடச் சிறையிலிருந்து இராகம் விடுதலை பெற்றது. ஆயினும் தட்டை அச்சிடும் ஆலை கம்பனியின் கையிலேயே இருந்தது. மக்கள் தாமே பதியக்கூடிய கருவியாக வந்தது ஒலிநாடா. 1963இற் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கசெற், பதிவுக்கலையைச் சாதாரண மனிதனின் கைக்குக் கொண்டுவந்தது என்றால் மிகையாகாது. யாழ்ப்பாணத்திலும் நெல்லியடியிலும் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் தோன்றின. 'றெக்கோடிங் பார்' என்பதே அவற்றின் வழக்குப் பெயர். விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதி, அறுபது நிமிடக் கசெற்றையோ தொண்ணூறு நிமிடக் கசெற்றையோ கொடுத்தால், நீள்தட்டுக்களிலிருந்து அவற்றைத் தெரிந்து பதிந்து தருவர். இன்று கணினியில் நடைபெறும் மாற்றத்தின் முன்னோடி இதுவே. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று தீர்மானிக்கும் உரிமை முதன்முறையாகக் கேட்பவன் கைக்கு வந்தது.

இவ்வுரிமையின் பயன் பாட்டு இன்பத்தோடு நின்றுவிடவில்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இற் காலமானார். அவரது வாசிப்பைக் கேட்க விழையும் இன்றைய தலைமுறை பெரிதும் நம்பியிருப்பது, கோயில் வீதிகளிலும் திருமண வீடுகளிலும் இரசிகர்கள் தம் கையாற் பதிந்து, ஒருவரிடமிருந்து மற்றவர் பிரதி செய்து காத்த ஒலிநாடாக்களையே. கம்பனி செய்யத் தவறியதை இரசிகன் செய்தான். பிரதி செய்தல் இங்கு களவாக அமையவில்லை, காவலாக அமைந்தது.

1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்கு மின்சாரம் இல்லாது போயிற்று. எரிபொருளும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அந்நாளில் எம் மூத்தோர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து பிறக்கும் மின்னில் வானொலியையும் கசெற்றையும் இயக்கினர். ஒருவர் சுற்ற, ஒரு வீடே கேட்டது. சுற்றும் கை தளர்ந்தாற் பாடகனின் குரலும் தளர்ந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, கைப்பையில் எதை எடுப்பது எதை விடுவது என்ற கணக்கில் எத்தனையோ கசெற்றுக்கள் விடப்பட்டன. பொருளாகிய தட்டும் நாடாவும் எரியும், நனையும், கைவிடப்படும். அவற்றிலுள்ள பாட்டு எஞ்சவேண்டுமாயின் அது வேறொரு பொருளிலும் இருத்தல் வேண்டும். இப்பாடத்தை நாம் நூல்களிற் கற்கவில்லை, வாழ்க்கையிற் கற்றோம்.

எமது மக்கள் கசெற்றோடு போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே உலகச் சந்தையில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1982இல் சோனியும் பிலிப்சும் சேர்ந்து இறுவட்டை வெளியிட்டன. இங்கு ஒலி எண்களாகப் பதியப்படுகிறது. ஒலியலையின் உயரத்தை ஒரு செக்கனுக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் பதினாறு இருமங்களால் எழுதி வைப்பதே அதன் முறை. எண்ணாக மாறிய ஒலிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அரக்குத் தட்டு ஒவ்வொரு முறை ஊசி படும்போதும் தேயும். நாடா ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கூடும். எண்ணையோ ஆயிரம் முறை பிரதி செய்தாலும் அது அதே எண்ணாகவே நிற்கும். தேய்வில்லாத பிரதி என்னும் பேறு மனிதனுக்குக் கிட்டியது. கம்பனிகளை அச்சுறுத்தியதும் அதுவே.

ஆகவேதான் அடுத்து வந்த தட்டுக்கள் பூட்டோடு பிறந்தன. 1999இற் சுப்பர் ஓடியோ சீடி என்னும் தட்டும், 2000இல் டீவீடி ஓடியோ என்னும் தட்டும் சந்தைக்கு வந்தன. முன்னது ஒரு செக்கனுக்கு 28 இலட்சத்துக்கு மேற்பட்ட முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் இருமமாக, ஒலியை எழுதுகிறது. பின்னது இருபத்துநான்கு இருமங்களால், ஒரு செக்கனுக்கு 192,000 முறை வரை அளந்து எழுத வல்லது. இரண்டும் மறைகுறியாற் காக்கப்பட்டன. சுப்பர் ஓடியோ சீடியின் உயர்நுணுக்கப் படையைச் சாதாரணக் கணினியின் வட்டு இயக்கி வாசிக்கவே மாட்டாது. காசு கொடுத்து வாங்கியவன்கூடத் தன் தட்டிலுள்ள எண்களைத் தன் கணினிக்கு எடுத்துச் செல்ல இயலாது. ஏறக்குறையப் பத்தாண்டுகளின் பின், 2011ஆம் ஆண்டளவில், பிளேஸ்ரேஷன் 3 என்னும் விளையாட்டுப் பெட்டியின் முற்பட்ட வகைகளுக்கு அத்தட்டை வாசிக்கும் ஆற்றல் இருந்ததைப் பயன்படுத்தி, அப்படையைக் கோப்பாக எடுக்கும் வழியை ஆர்வலர்கள் கண்டனர்.

பூட்டி வைக்கும் அளவுக்கு அவ்வுயர்நுணுக்கத்தில் அப்படி என்னதான் இருந்தது? மனிதச் செவி கேட்கக்கூடிய மிக உயர்ந்த அதிர்வு செக்கனுக்கு ஏறக்குறைய இருபதாயிரம். 44,100 முறை அளந்தால் அதன் பாதி வரையுள்ள, அதாவது 22,050 வரையுள்ள, அதிர்வுகளை முழுமையாக மீட்கலாம் என்பது கணித உண்மை. 2007இல் மேயர், மோரன் என்னும் இருவர் அமெரிக்காவில் நடத்திய சோதனை பிரசித்தமானது. உயர்நுணுக்கத் தட்டின் ஒலியை நேராகவும், இறுவட்டின் தரத்துக்குக் குறைத்தும், எது எதுவென்று சொல்லாமற் கேட்கச் செய்தனர். 554 முறை கேட்டதில் 276 முறையே சரியான விடை வந்தது. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவே வந்திருக்கும். புதிய தட்டுக்கள் சில செவிக்கு இனிமையாக இருந்தமைக்குக் காரணம், அவற்றைப் பதிந்த கலைஞர்கள் காட்டிய கவனமே என ஆய்வாளர் கருதினர். கேட்க முடியாத ஒன்றைக் காசாக்கவும், ஏற்கெனவே வாங்கிய பாட்டை மறுபடியும் வாங்கவைக்கவும் புதிய வடிவங்கள் பயன்பட்டன. அரக்குத் தட்டிலும் நீள்தட்டிலும் கசெற்றிலும் இறுவட்டிலும் ஒரே பாட்டுக்கு நான்கு முறை விலை கொடுத்த இரசிகனிடம் ஐந்தாம் முறையும் கை நீட்டப்பட்டது.

ஆகவே, தன்னிடமுள்ள தட்டைக் கோப்பாக்கிக்கொள்ளும் இரசிகனிடம் நாம் பழி காணவில்லை. அவன் செய்ய வேண்டியது முறையாகச் செய்தலே. சாதாரண இறுவட்டாயின், ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசித்து ஒப்புநோக்கும் மென்பொருளைக் கையாளல் வேண்டும். கீறல் விழுந்த இடத்தில் இயக்கி ஊகித்து நிரப்பிவிடுவதை அது காட்டிக்கொடுக்கும். எம்பி3 போன்ற வடிவம் ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. கழித்ததை மீட்க வழியில்லை. 2001இல் வெளியிடப்பட்ட ஃபிளாக் என்னும் திறந்த வடிவமோ எதையும் இழக்காமல், பொதுவாகப் பாதியளவுக்குச் சுருக்கித் தருகிறது. அதற்கு உரிமைக் கட்டணம் எவருக்கும் இல்லை. ஒரு மணிநேர இறுவட்டிசை சுருக்காமல் ஏறக்குறைய 635 மெகாபைற். இருபத்துநான்கு இரும, 96,000 அளவைப் பதிவாயின் ஏறக்குறைய 2 கிகாபைற். இன்று ஒரு சிறிய வன்றட்டில் ஓர் ஊரின் இசை முழுவதையும் வைத்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சட்டப்படி பெற்ற பிரதியொன்றிலிருந்து தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்கென ஒரேயொரு பிரதி எடுத்துக்கொள்வதை அனுமதிக்கிறது. அதே சட்டம், பூட்டை உடைப்பதற்கென்றே கருவி செய்து விற்பதைத் தடுக்கிறது. ஒரு கையால் உரிமையைக் கொடுத்து, மறு கையால் உரிமையைப் பயன்படுத்தும் வழியை அடைக்கின்ற முரண் இது. மறுபுறம், பிரதி எடுத்து விற்றுப் பிழைப்போரையும் நாம் ஆதரிக்க முடியாது. பாடகனும் வாத்தியக்காரனும் ஒலிப்பதிவாளனும் உழைப்பாளிகளே. அவர்களின் உழைப்புக்குரிய கூலியைத் தின்பவன் கம்பனியாயினும் தெருவோரத் திருட்டுப் பதிப்பாளனாயினும் சுரண்டல் சுரண்டலே. எம் வாதம் இலவசத்துக்காக எழுந்ததன்று. உழைத்தவனுக்குக் கூலி கிடைக்கவேண்டும். வாங்கியவனுக்குக் கேட்கும் உரிமை வேண்டும். சமூகத்துக்கு அதன் நினைவு வேண்டும். இம்மூன்றையும் இணைக்காத சட்டம் குறையுடையது.

உயர்நுணுக்கப் பதிவு மெய்யாகவே வேண்டப்படும் இடம் ஒன்று உண்டு. அது புதிய தட்டின் மினுமினுப்பில் இல்லை. எமது வீட்டுப் பரண்களிற் கிடக்கும் பழைய நாடாவிலும் தேய்ந்த தட்டிலும் இருக்கிறது. இறுவட்டிலுள்ள எண்களை நாளையும் அதேபடி எடுக்கலாம். பூஞ்சணம் பிடித்த நாடாவை இன்னும் ஒரே ஒரு முறைதான் ஓட்ட முடியும் என்ற நிலை இருக்கலாம். அந்த ஒரு முறையில் இயன்றவரை நுணுக்கமாகப் பதிந்துவிடல் வேண்டும். இரைச்சலும் கீறலும்கூட முழுமையாகப் பதிவானாலே, பிற்காலத்து அறிஞர் அவற்றைப் பிரித்து நீக்க இயலும். ஆவணக் காப்பகத்தார் இருபத்துநான்கு இருமத்தையும் 96,000 அளவையையும் பரிந்துரைப்பது இதனாலேயே. எந்தத் தொழில்நுட்பத்தைச் செல்வரின் செவிக்கு அலங்காரமாக விற்றார்களோ, அதுவே வறியவரின் நினைவுக்குக் கவசமாகிறது.

நினைவை இழத்தல் என்றால் என்னவென்று யாழ்ப்பாண மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்னும் நிலையே பெரும் ஆபத்து என்பதை அந்தத் தீ எழுதிக் காட்டியது. 2005இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் தொடங்கப்பட்டமைக்குப் பின்னால் இவ்வனுபவம் உண்டு. அதன் நிறுவனம் நடத்தும் ஆவணகம் இன்று ஒலி, ஒளிப் பதிவுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துவருகிறது. தமிழகத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய இசைத்தட்டுக்களைப் பேணிவருகிறது. வீட்டிலே தனித்திருந்து ஒருவர் செய்யும் கோப்பு அவரோடு அழியும். பொதுவான ஓர் ஆவணகத்துக்குப் போய்ச் சேர்ந்த கோப்பே வரலாறாகும்.

இனி, தட்டிலும் நாடாவிலும் ஏறாத குரல்களைப் பற்றிச் சில சொல்லவேண்டும். 1913 முதல் 1929 வரை கிரியேர்சனின் இந்திய மொழியளவைத் திட்டத்திற்காக அரசு பல மொழிகளையும் வழக்குகளையும் கிராமபோனிற் பதிந்தது. தமிழும் இருளர், குறவர் ஆகியோரின் வழக்குகளும் அவற்றுள் இடம்பெற்றன. ஆட்சி செய்வதற்காகவேனும் அந்நியர் அக்குரல்களைக் கேட்டனர். எமது கம்பனிகளோ வயலிற் பாடிய பெண்ணையும், சாவீட்டில் ஒப்பாரி சொன்ன மூதாட்டியையும், காத்தவராயன் கூத்தை ஊரூராக ஆடிய அண்ணாவியாரையும் பெரும்பாலும் கேட்கவேயில்லை. அக்கூத்தின் மெட்டுக்கு எத்தகைய ஆற்றல் உண்டென்பதை வடமராட்சி நன்கறியும். ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் அக்கூத்தின் பாங்கிலேயே மேடையேற்றினர். பழைய மெட்டு புதிய நீதியைப் பேசியது. அம்மெட்டுக்களை நெஞ்சில் வைத்திருப்போர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர்.

ஆசிரிய நண்பர்களும் மாணவரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று உயர்தர வகுப்பு மாணவர் பலரின் சட்டைப்பையிலிருக்கும் தொலைபேசி, 1902இற் கெய்ஸ்பேர்க் பல பெட்டிகளிற் சுமந்துவந்த பொறியைக் காட்டிலும் திறம்படப் பதிய வல்லது. அடுத்த விடுமுறையில், ஒவ்வொரு மாணவரும் தம் குறிச்சியிலுள்ள முதியவர் ஒருவரை அணுகி, அவர் சம்மதத்தோடு, அவருக்குத் தெரிந்த பாட்டைப் பதிந்து வரட்டும். பாடியவர் பெயர், ஊர், நாள், பாட்டுப் பாடப்படும் சந்தர்ப்பம் ஆகியவற்றை எழுதிக் கோப்போடு சேர்க்கட்டும். பெயர் எழுதப்படாத கோப்பு புதைகுழியில் இட்ட தட்டுக்குச் சமம். வீட்டிற் பழைய கசெற் இருந்தால், ஓடும் கருவியொன்றைத் தேடி அதனைக் கோப்பாக்கட்டும். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மெருகூட்டிய பிரதியைத் தனியே செய்யட்டும். பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைக்கட்டும். பாடியவரின் உரிமை பாடியவருக்கே என்பதையும், அவர் கேட்டால் ஒரு பிரதி முதலில் அவர் கையிற் சேரவேண்டும் என்பதையும் மறவாதிருக்கட்டும்.

பாரதி பாடல்களை மீட்ட தலைமுறை, பாட்டு மக்களுடையது என்னும் கோட்பாட்டை வென்றெடுத்துத் தந்தது. டைனமோவைச் சுற்றிய தலைமுறை, எந்தத் தடைக்குள்ளும் பாட்டை நிறுத்தவிடக் கூடாது என்பதைச் செய்து காட்டியது. பதியப்பட்டதைத் தேய்வின்றிப் பிரதி செய்யவும், பதியப்படாததைப் பதியவும் வேண்டிய கருவி எம் தலைமுறையின் கையில் இருக்கிறது. கம்பனியின் தட்டில் ஏறாத ஊர்க் குரல்கள் இனியும் காற்றோடு போகுமாயின், அதற்கான பழியைக் கம்பனியின் மேற் சுமத்த எமக்கு உரிமை இராது.